ஆலைக்குள் கால் வைக்காத ஆலைப் பாட்டுக்காரர்

தொழிலாளியைப் பற்றிப் பாடிப் பாடியே பேரும் பணமும் சம்பாதித்த ஒரு பாட்டுக்காரரை அவருடைய நாட்டு ஜனங்கள் "முதலாளி" என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். இந்த வேடிக்கை அமெரிக்காவில்தான் நடக்கும். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்பது அவர் பெயர். "பாஸ்" என்பது பட்டப் பெயர். சின்னச் சின்ன மதுக்கடைகளில் கோஷ்டியோடு வாசித்து வயிறு வளர்த்த நாட்களில், கச்சேரி முடிந்ததும் கடைக்காரனிடம் காசை எண்ணி வாங்கி மற்ற வாத்தியக்காரர்களுக்குப் பட்டுவாடா செய்வது அவர் வேலை. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. முதலாளிகளை எனக்குப் பிடிக்காது, ஆகையால் இந்தப் பெயரும் பிடிக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் பெயர் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு அவர் எழுதிய சுயசரிதையிலேயே பதில் இருக்கிறது.

"பார்ன் டு ரன்" என்பது புத்தகத்தின் பெயர்; ஓடுவதற்கென்றே பிறந்தவன் என்று அர்த்தம். 1975-ல் அவரை நாடறியச் செய்த இசைத்தட்டுக்கும் இதே பெயர்தான். ஏழு வருஷ காலம் விட்டு விட்டு எழுதி, 2016-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியிட்டார். ஐந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. வேறு ஒரு எழுத்தாளரைக் கூலிக்கு அமர்த்தி எழுதி வாங்காமல் தானே எழுதினார். அது தெரிகிறது, சில இடங்களில் வளவளவென்று இருப்பதிலிருந்தும் தெரிகிறது.

ராக் பாட்டுக்காரன் புத்தகத்துக்கும் தறியும் கலப்பையும் பிடிக்கிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த ஜாதிப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. எத்தனை புட்டி குடித்தேன், எத்தனை ஓட்டல் அறைகளை உடைத்தேன், எப்படிச் செத்துப் பிழைத்தேன் என்று பணக்காரன் தன் கூத்தைத் தானே ரசித்துச் சொல்லும் கதை. மனம் திறந்து எழுதினார் என்று பத்திரிகைகள் புகழும். திறந்து பார்த்தால் உள்ளே சாராய வாடைதான் வரும்.

ஆனால் எல்லாம் அப்படியல்ல. இங்கிலாந்தில் பிளாக் சப்பாத் என்றொரு கோஷ்டி இருந்தது. அதில் கிதார் வாசித்த டோனி அயோமி 2011-ல் தன் கதையை எழுதினார். அவர் பர்மிங்காம் நகரத்துத் தகரத் தொழிற்சாலைத் தொழிலாளி. 17 வயதில் வேலையை விட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போக ஏற்பாடாகியிருந்தது. கடைசி நாள். அன்றைக்கு அழுத்து மெஷினில் நிற்கும் ஆள் வரவில்லை. பழக்கமில்லாத பையனை அதில் நிறுத்தினார்கள். வலது கையின் இரண்டு விரல் நுனிகளை மெஷின் தின்றுவிட்டது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, கம்பிகளைத் தளர்த்திக் கட்டி வாசிக்கக் கற்றார். உலகமெல்லாம் வியந்து கேட்ட அந்தக் கனத்த சங்கீதத்தின் நாதம் பிறந்ததில் அந்த மெஷினுக்கும் பங்கு உண்டு. வராத ஆளுக்குப் பதில் கிடைத்தவனை மெஷினில் நிறுத்தும் வழக்கம் எந்த ஆலையில்தான் இல்லை? விரல் போனவர்களில் கிதார் வாசித்துப் பேர் வாங்கியவர் ஒருவர். மற்றவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

ஸ்பிரிங்ஸ்டீன் புத்தகமும் இந்தத் தினுசுதான். அதில் ஆலை வருகிறது, வயல் வருகிறது, வேலையில்லாத தகப்பனார் வருகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

நியூஜெர்ஸி மாகாணத்தில் பிரீஹோல்டு என்று ஒரு சிறு டவுன். அங்கே கராகுஷியன் கம்பெனியின் கம்பள ஆலை. "குலிஸ்தான்" என்ற பெயரில் அந்தக் கம்பெனியின் கம்பளங்கள் பணக்கார வீடுகளுக்குப் போயின. இன்னொரு பக்கம் நெஸ்கபே காப்பிப் பொடி ஆலை. காற்று திரும்பினால் ஊர் முழுக்கக் காப்பி வாசனை. ஊரைச் சுற்றி உருளைக் கிழங்கு வயல்கள். 1949-ல் பிறந்த ஸ்பிரிங்ஸ்டீன் இந்த ஊரில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்புதான் அந்த வீட்டுக்குக் குளிர் காய. சுவர் இடிந்து, கூரை ஒழுகி, கடைசியில் குடியிருக்க லாயக்கில்லை என்று தீர்க்கப்பட்ட வீடு.

தாத்தாவின் பிழைப்பைப் பற்றி எழுதியிருக்கும் பக்கங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. மற்றவர்கள் குப்பையில் எறிந்த பழைய ரேடியோப் பெட்டிகளைப் பொறுக்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து பழுது பார்த்து, விற்பார். யாருக்கு விற்பார்? அறுவடைக் காலத்தில் தென் மாகாணங்களிலிருந்து கூலிக்கு வரும் நீக்ரோ விவசாயத் தொழிலாளர்களுக்கு. ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு அவர்களைத் தங்க வைத்திருப்பார்கள். தாத்தா பேரனையும் கூட்டிக்கொண்டு போவார். குப்பையில் கிடந்த பெட்டி, குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழை வெள்ளைக்காரர், அதைவிடக் கீழே தள்ளப்பட்ட கறுப்புக் கூலி: டாலர் தேசத்தின் ஏணி மூன்றே படியில் தெரிந்துவிடுகிறது. பின்னாளில் அந்தப் பேரனை உலகறியச் செய்ததும் ரேடியோதான். அந்தக் கொட்டகைகளில் கேட்ட சங்கீதத்தின் ரத்தம் இல்லாமல் ராக் என்ற சங்கீதமே கிடையாது. இதை அவர் மறைக்கவில்லை. ஆனால் கொட்டகைக்காரர்களைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாம்.

இனி தகப்பனார். டக் ஸ்பிரிங்ஸ்டீன். இரண்டாவது உலக யுத்தத்தில் லாரி ஓட்டிய சிப்பாய். திரும்பி வந்ததும் ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை. கம்பள ஆலை, போர்டு மோட்டார்த் தொழிற்சாலை, காப்பி ஆலை, ஜெயில் வார்டர், பஸ் டிரைவர், டாக்ஸி டிரைவர் என்று மாறிக்கொண்டே இருந்தார். இரவானால் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருவார். பீர்ப் புட்டிகள், சிகரெட்டின் நெருப்புப் பொட்டு. பேச்சு கிடையாது. மகன் வாசல் வழியாக நுழைந்து அந்தச் சமையலறையைத் தாண்டித்தான் தன் அறைக்குப் போக வேண்டும். தாண்டும்போது சில நாள் பேச்சு, பல நாள் சண்டை. நீண்ட மயிரும் கிதாருமாக நிற்கும் மகனைக் கண்டால் தகப்பனாருக்கு ஆகாது. தன்னிடம் இருந்த மென்மையைத்தான் அவர் மகனிடம் கண்டு வெறுத்தார் என்று மகன் இப்போது எழுதுகிறார். வயது முதிர்ந்த பின்பே இப்படி எழுத முடியும்.

தகப்பனாருக்கு இருந்தது வெறும் கோபமல்ல, மனோவியாதி. எங்கே பார்த்தாலும் சதி, யாரைப் பார்த்தாலும் பயம். வெகு காலம் கழித்துத்தான் வைத்தியர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்த வியாதி குடும்ப ரத்தத்தில் வந்தது என்கிறார் மகன். அது மகனையும் விடவில்லை. 1980-களின் தொடக்கத்தில், கையில் காசும் ஊரெல்லாம் பேரும் இருந்தபோது, காரணமில்லாத துக்கம் அவர் நெஞ்சில் உட்கார்ந்தது. வைத்தியரிடம் போனார். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம், மாத்திரை. அறுபது வயதைத் தாண்டிய பின்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்த மாதங்களை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மேடையில் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் குதித்துப் பாடும் ஆண்பிள்ளை, வீட்டில் வாய்விட்டு அழுதேன் என்று எழுதுகிறார்.

புத்தகத்தைப் படித்தவர்களில் மிகப் பலரைப் பிடித்து நிறுத்தியது இந்தப் பகுதிதான். சமையலறை இருட்டில் உட்கார்ந்திருப்பது தன் தகப்பனார் என்று கண்டுகொண்டவர்கள் உண்டு. தானேதான் என்று கண்டுகொண்டவர்களும் உண்டு. இது சின்ன விஷயமல்ல. கை உடைந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வரலாம். மனது உடைந்தது என்று எந்தத் தொழிலாளி சொல்ல முடிகிறது? சொன்னால் மேஸ்திரி, வேலைக்குக் கள்ளம் என்பான். வீட்டில் பேய் பிடித்தது என்பார்கள். சிநேகிதன் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பான். ஆகவே வாயை மூடிக்கொண்டு ஷிப்டுக்குப் போவதுதான் வழி. பணமும் புகழும் உள்ள ஒருவர் வந்து, எனக்கும் இந்த வியாதி, வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதினால், அந்த அளவுக்கு அது நல்ல காரியம்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மகனுக்கு இந்தக் கடற்கரையில் ஒரு வைத்தியர், அந்தக் கடற்கரையில் ஒரு வைத்தியர் கிடைத்தார்கள். தகப்பனாருக்கு அந்த வயதில் கிடைத்தது என்ன? ஆறு புட்டி பீர். வியாதி ரத்தத்தில் வந்திருக்கலாம். வைத்தியம் ரத்தத்தில் வருவதில்லை, காசில் வருகிறது. வியாதியோடு இருக்கிற மனிதன் வருஷத்துக்கொரு ஆலை மாறினால் அவனுக்கு ஓய்வு ஏது, உபகாரச் சம்பளம் ஏது? இந்தக் கணக்கை ஸ்பிரிங்ஸ்டீன் தொடுகிறார், ஆனால் போடவில்லை. ரத்தத்தைப் பற்றிப் பல அத்தியாயம், கூலியைப் பற்றிச் சில வரி என்று ஆகிவிட்டது.

கம்பள ஆலை விஷயத்திலும் அப்படியே. 1960-களின் தொடக்கத்தில் அந்த ஆலை பிரீஹோல்டில் மூடப்பட்டது. கம்பெனி அழிந்துபோய் மூடவில்லை. சங்கத்தோடு தகராறு இருந்தது. தெற்கே வடக்குக் கரோலினா பக்கம் கூலி மலிவு, சங்கம் பலவீனம். தறிகள் அங்கே போயின, ஆட்கள் இங்கே நின்றார்கள். ஸ்பிரிங்ஸ்டீனும் இதை எழுதுகிறார், மழை பெய்தது, வெள்ளம் வந்தது என்பது போல. பின்னால் 1984-ல் வந்த "மை ஹோம் டவுன்" என்ற பாட்டில் இந்த ஊரையும் மூடிய ஆலையையும் வைத்துப் பாடினார், கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். பாட்டில் துக்கம் இருக்கிறது. ஆலையைத் தூக்கிக்கொண்டு போனவன் யார் என்பதற்குப் பாட்டில் இடமில்லாமல் போயிற்று.

ஆனாலும் மனிதர் பாட்டோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1985-ல் அதே பிரீஹோல்டு டவுனில் 3எம் கம்பெனி, ஒலி ஒளி நாடா செய்யும் தன் ஆலையை மூடப் போவதாக அறிவித்தது. தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. ஸ்பிரிங்ஸ்டீனும், வில்லி நெல்சன் என்ற இன்னொரு பாட்டுக்காரரும், ஆலையை மூடாதே என்று பத்திரிகைகளில் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்கள். 1986 ஜனவரியில் ஆஸ்பரி பார்க்கில், ஸ்டோன் போனி என்ற கிளப்பில், அந்தத் தொழிலாளர்களுக்காகக் கச்சேரி செய்தார். அதற்கு முன்பே பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் வேலையிழந்த எஃகுத் தொழிலாளர்களின் இலவச உணவுக் கூடத்துக்குப் பணம் கொடுத்திருந்தார். 1984–85 இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று முடிந்த சில மாதங்களில் நியூகாசில் நகரத்துக்குப் பாடப் போனவர், சுரங்கக் குடும்பங்களின் உதவிக் குழுவுக்கும் கொடுத்தார். 3எம் ஆலை என்ன ஆயிற்று? மூடிவிட்டார்கள். பாட்டுக்காரர் கையெழுத்தை எந்தக் கம்பெனி மதித்தது?

இவருடைய விமர்சகர்கள் எப்போதும் கையில் எடுக்கும் கல் ஒன்று உண்டு. இவர் ஆலையில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லையே, கோடீஸ்வரன் கிழிந்த சட்டை மாட்டிக்கொண்டு தொழிலாளி வேஷம் போடுகிறானே என்பது. அந்தக் கல்லை இவரே பொறுக்கி எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். புத்தகத்தின் முன்னுரையிலேயே, தன் தொழிலில் கொஞ்சம் ஏமாற்று வித்தை உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். 2017 அக்டோபர் முதல் 2018 டிசம்பர் வரையில் நியூயார்க் நாடக மேடையில் இந்தப் புத்தகத்தையே பேச்சும் பாட்டுமாக நடத்தினார். அங்கே இரவுக்கு இரவு, ஆலைக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை, ஆனால் எழுதியதெல்லாம் அதைப் பற்றித்தான் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். வாலிபத்தில் அவர் நடத்திய கோஷ்டியின் பெயர் "ஸ்டீல் மில்", அதாவது எஃகு ஆலை. கோஷ்டியில் எஃகும் இல்லை, ஆலையும் இல்லை!

என் அபிப்பிராயத்தில் இந்தக் கல் குறி தவறிப் போகிற கல். நம் பக்கத்தில் ஏற்றப் பாட்டு பாடினவன் ஏற்றம் இறைத்தவன். நடவுப் பாட்டு பாடினவள் நாற்று நட்டவள். பாடுகிறவன் வேறு, உழைக்கிறவன் வேறு என்று ஆனது, பாட்டு சரக்காகக் கடைக்கு வந்த பிறகுதான். அப்படி ஆகிவிட்ட உலகத்தில், ஆலைக்காரன் மகன் வெளியே நின்று தகப்பனாரைப் பார்த்து எழுதுவது பொய்யாகிவிடாது. அவர் 1978-ல் "பாக்டரி" என்று ஒரு சின்னப் பாட்டு எழுதினார். விடியற்காலம் ஊதல் கேட்டு ஆலைக்குப் போகும் தகப்பனாரைப் பற்றியது. அவருடைய மற்றப் பெரிய பாட்டுகளைவிட அது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. 1995-ல் "யங்ஸ்டவுன்" எழுதினார். ஒஹையோ மாகாணத்தில் அந்த நகரத்து எஃகு ஆலை 1977 செப்டம்பர் 19-ம் தேதி திங்கட்கிழமை மூடும் அறிவிப்பு வெளியிட்டு ஏறக்குறைய 5,000 பேரைத் தெருவில் நிறுத்தியது. அந்த ஊரார் இன்றும் அதைக் கறுப்புத் திங்கள் என்கிறார்கள். இரண்டு பத்திரிகைக்காரர்கள் அந்த மக்களோடு திரிந்து எழுதிய புத்தகத்தை ஓரிரவில் படித்துத்தான் பாட்டை எழுதினார். பார்க்காததைப் படித்துத் தெரிந்துகொண்டு எழுதினார். அதில் என்ன குற்றம்?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவர் ஆலைத் தொழிலாளியா என்பதல்ல, இவரே நடத்திய பட்டறையில் இவர் யார் என்பதுதான்.

இதில் புத்தகம் கூச்சமில்லாமல் பேசுகிறது. கோஷ்டியில் ஜனநாயகம் சரிப்படாது, வெடித்துவிடும் என்று வாலிபத்திலேயே முடிவு செய்துவிட்டாராம். ஓட்டு கிடையாது, பேச்சு அவருடையதுதான். ஆனால் சம்பளம் நன்றாகக் கொடுப்பார். எந்த நல்ல முதலாளியும் இதைத்தான் சொல்வான்! 1972-ல் இவரே ஒரு மானேஜரிடம், வக்கீல் இல்லாமல், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று புரியாமல் கையெழுத்துப் போட்டார். பிறகு புரிந்தது. 1976-ல் வழக்கு. தான் விரும்பியவரை வைத்துக்கொண்டு இசைத்தட்டு போடக் கூடாது என்று கோர்ட்டு தடை. 1977 மே மாதம் சமரசமாகும் வரையில், நாட்டிலேயே பேர்போன பாட்டுக்காரர் கை கட்டி நின்றார். கையெழுத்து என்பது எவ்வளவு பெரிய விலங்கு என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது.

1987-ல் காட்சி மாறுகிறது. இவரிடம் வருஷக்கணக்கில் வாத்தியங்களைச் சுமந்து, பழுது பார்த்து வேலை செய்த இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். கேட்டது என்ன? ஓவர்டைம் பாக்கி. சம்பளத்தில் அபராதம் பிடித்தார்கள் என்ற புகார் வேறு. நான்கு வருஷம் இழுத்து, 1991-ல் கோர்ட்டுக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு வரவில்லை. ஆனால் ஓவர்டைம் பாக்கி, அபராதம் என்ற சொற்கள் காதில் விழுந்தால் எந்த ஆலைத் தொழிலாளிக்கும் அது யார் வீட்டு விவகாரம் என்று விளக்கத் தேவையில்லை.

1989-ல் கோஷ்டியைக் கலைத்தார். எப்படி? டெலிபோனில். பதினேழு பதினெட்டு வருஷம் இவர் தோளோடு தோள் நின்று வாசித்த சாக்ஸபோன்காரர் கிளாரன்ஸ் கிளெமன்ஸ், வேறொரு கச்சேரிக்காக ஜப்பான் போயிருந்தார். அங்கே மணி அடித்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன், கஷ்டமாக இருந்தது, அவர்களுக்கு மனத்தாங்கல் என்று எழுதுகிறார். பத்து வருஷம் கழித்து, 1999-ல், மறுபடி கூட்டினார், வந்தார்கள். அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி வாத்தியக்காரர்கள் எழுதினால் எப்படி எழுதுவார்கள் என்று படிக்கும்போது தோன்றாமல் இல்லை. ஆட்குறைப்பு நோட்டீசு எழுதினவனுக்கும் மனது கஷ்டப்படும்தான். வாங்கினவனுக்கு வாடகை கஷ்டம்.

வியட்நாம் யுத்தத்தைப் பற்றிய பக்கங்கள் வேறு விதமானவை. அங்கே வித்தை எதுவும் இல்லை. 19 வயதில் பட்டாள உத்தரவு வந்தது. போக விருப்பமில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பட்ட அடியும், பைத்தியக்காரன்போல் நடந்துகொண்டதும் சேர்ந்து வைத்திய சோதனையில் தப்ப வைத்தன. வீட்டுக்கு வந்து சொன்னபோது, நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னாராம் அந்தப் பேசாத தகப்பனார். ஆனால் எல்லோரும் தப்பவில்லை. இவருடைய ஆரம்ப காலக் கோஷ்டியான காஸ்டைல்ஸில் டிரம் அடித்த பார்ட் ஹெய்ன்ஸ் பட்டாளத்தில் சேர்ந்து 1967 அக்டோபரில் வியட்நாமில் செத்தான். இவர் வாய் பிளந்து பார்த்த உள்ளூர்ப் பாட்டுக்காரன் வால்டர் சிக்கான் 1968-ல் காணாமல் போனவன் போனவனே. எனக்குப் பதிலாக யாரோ ஒருவன் போனான், அவன் யாரோ என்ற நினைப்பு விட்டதே இல்லை என்று மேடையிலும் சொல்லியிருக்கிறார். 1981-ல் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் சங்கம் பணமில்லாமல் தத்தளித்தபோது லாஸ் ஏஞ்சலிசில் கச்சேரி நடத்திக் கொடுத்தார். பிறகு 1984-ல் "பார்ன் இன் தி யு.எஸ்.ஏ." என்ற பாட்டு. யுத்தத்திலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனுடைய கதறல் அது. அதே வருஷம் செப்டம்பரில் ஜனாதிபதி ரீகன் தேர்தல் பிரசாரத்துக்கு நியூஜெர்ஸி வந்து, நம்பிக்கை தரும் பாட்டுகளுக்கு உதாரணமாக ஸ்பிரிங்ஸ்டீன் பெயரைச் சொன்னார்! பாட்டின் பல்லவியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் எல்லா நாட்டிலும் ஆட்சி செய்கிறார்கள்.

புத்தகம் 2016-ல் முடிந்துவிட்டது, கணக்கு முடியவில்லை. 2021 டிசம்பரில் தன் பாட்டுகள் அத்தனையின் உரிமையையும் சோனி கம்பெனிக்கு விற்றார். 50 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. தகப்பனாரின் ஆலையும், யங்ஸ்டவுன் உலையும், பார்ட் ஹெய்ன்ஸின் சாவும் அந்த மூட்டையில் கட்டித்தான் போயின. 2022-ல் அடுத்த யாத்திரைக்கு டிக்கெட் விற்றபோது, கிராக்கி ஏற ஏற விலையும் தானே ஏறும் முறை வைத்தார்கள். சில இடங்களுக்கு 5,000 டாலர் வரையில் போயிற்று. ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். மற்றவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன், கள்ளச் சந்தைக்காரன் தின்னும் பணம் மேடையில் வியர்வை சிந்துகிறவனுக்கு வரட்டுமே என்று பதில் சொன்னார். 1980 முதல் 43 வருஷம் அவருக்காகவே நடந்த "பேக்ஸ்ட்ரீட்ஸ்" என்ற ரசிகர் பத்திரிகை, இந்த விலையில் எங்கள் வாசகர்களே உள்ளே போக முடியாது, மனம் விட்டுப்போயிற்று என்று சொல்லி 2023-ல் கடையைக் கட்டியது. கம்பள ஆலைக்காரன் ஒருவன் இன்று உயிரோடு இருந்தால், தன்னைப் பற்றிய பாட்டைக் கேட்க ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இதனால் புத்தகம் பொய்யாகிவிட்டதா? ஆகவில்லை. 1990-ல் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முதல் குழந்தை பிறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, தகப்பனார் சொல்லாமல் கொள்ளாமல் நானூறு ஐந்நூறு மைல் காரோட்டி வந்து மகன் வீட்டு வாசலில் நின்றார். நீ எங்களுக்கு நல்லது செய்தாய், நான் உனக்கு நல்லவனாக இருக்கவில்லை என்ற பொருளில் நாலு வார்த்தை சொன்னார். அந்தக் காலை நேரத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, டிக்கெட் விலையை நினைத்து அதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கின்றன. 50 கோடி டாலரையும் மறக்க வேண்டாம், அந்த வாசற்படியையும் மறக்க வேண்டாம்.

வாசகர்கள் எல்லோரும் தகப்பனாரைப் பற்றியே பேசுகிறார்கள். தாயாரைப் பற்றி அதிகம் பேசக் காணோம். அடேல் என்பது அவர் பெயர். இத்தாலியக் குடும்பத்துப் பெண்; வக்கீலாக இருந்த அவருடைய தகப்பனார் பண மோசடிக்காக ஜெயிலுக்குப் போனவர். அடேல் சட்ட சம்பந்தமான அலுவலகத்தில் காரியதரிசி. புருஷன் ஆலை ஆலையாக மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த வீட்டில் நிலையாக வந்த சம்பளம் இவருடையது. மகன் ஏதேதோ வேலை செய்து சேர்த்த காசில் 18 டாலருக்கு ஒரு மட்டமான கிதார் வாங்கியிருந்தான். நல்லதொன்று வேண்டும் என்றபோது, இந்த அம்மாள் கடன் கொடுக்கும் கம்பெனிக்குப் போய் 60 டாலர் வாங்கி வந்து வாங்கிக் கொடுத்தார். 1964-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அது. ஸ்பிரிங்ஸ்டீன் சங்கீதத்தின் முதல் மூலதனம் அந்த 60 டாலர் கடன்தான். 2024 ஜனவரியில் 98-வது வயதில் அவர் காலமானார்.

தாயார் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை, நோயென்று படுத்ததில்லை, குறை சொன்னதே இல்லை என்று மகன் பெருமையாக எழுதுகிறார். எனக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை. பகலெல்லாம் ஆபீசில் டைப்பு அடித்து, வந்து அடுப்பு மூட்டி, பிறகு புருஷனைத் தேடி மதுக்கடை வாசலில் காரில் உட்கார்ந்து, சின்னப் பையனை உள்ளே அனுப்பி அப்பாவைக் கூட்டி வரச் சொல்லிக் காத்திருந்த பெண்பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமே இல்லாமலா இருந்தார்? கேட்க யார் இருந்தார்கள் என்று மகன் ஒரு வரி எழுதியிருக்கலாம்.